அழிக்க இரண்டு பேர் வேண்டும்

செஞ்சி,
28.8.2025

ஷோபனா,

பயப்படாதே. உன் வீட்டிலும் என் வீட்டிலும் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். கவர்மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் உனக்கு நெஞ்சு அடித்திருக்கும், அதனால் இதை முதலில் சொல்லிவிட்டேன்.

போனில் என்னை பிளாக் செய்து வைத்திருக்கிறாய். மெயில் போட்டால் திறப்பதில்லை. நேற்று பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டை கொடுக்கிற சாக்கில் வல்லம் போய் உன் அம்மாவிடம் இந்த விலாசத்தை வாங்கினேன். "ரெண்டு பேரும் கம்ப்யூட்டர் படிச்சவங்க. இப்ப இன்னா, தபால்ல சண்டை போடப் போறீங்களா?" என்று கேட்டார்கள். சண்டைக்கு இல்லை, வேலைக்கு என்றேன்.

வேலைதான். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. மறந்திருப்பாய், முதலிலிருந்தே சொல்கிறேன். அனந்தபுரம் கிளினிக்கில் நர்ஸ் ரஞ்சிதம் எடுக்கிற ஈசிஜி, உரக்கடை மாடியில் நம் கடையில் இருக்கிற கம்ப்யூட்டர் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து புதுச்சேரி ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போகிறது. வழியில் யாரும் பிரித்துப் பார்க்க முடியாதபடி அதைப் பூட்டி அனுப்புவது 2017-ல் நீ கட்டிவைத்த லைப்ரரி. இத்தனை வருஷம் ஒரு தகராறு இல்லை. இப்போது ஆஸ்பத்திரியிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. அக்டோபர் முதல் தேதியிலிருந்து பழைய பூட்டு எதையும் அவர்கள் சர்வர் ஏற்காதாம். டிஎல்எஸ் என்கிற பூட்டின் புது வெர்ஷன் மட்டும்தானாம். அதற்குள் நாம் மாறாவிட்டால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிளினிக்குக்கு வருகிறவரை அறுபது கிலோமீட்டர் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓட வேண்டும்.

நீ போன பிறகு கடையில் மங்கை அக்காதான் இருக்கிறார். சென்னையில் பதினைந்து வருஷம் கம்பெனி வேலை பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் அனந்தபுரத்தில் மளிகை வைத்ததும் வந்தவர். மங்கை அக்கா புது லைப்ரரியை இறக்கி மூன்று முறை கட்டிவிட்டார். அதைத் தனியாக ஓட்டிப் பார்த்தால் ஆஸ்பத்திரி சர்வர் நன்றாகப் பேசுகிறது. நம் ப்ரோகிராமை அதோடு சேர்த்துக் கட்டினால்தான் வம்பு. மங்கை அக்கா புது ஹெட்டர் ஃபைல்களைக் காட்டிக் கட்டினால், ஏதோ ஒரு பெயரைக் காணவில்லை என்று பாதியில் நின்றுவிடுகிறது. பழைய ஹெட்டரைக் காட்டினால் கட்டிக்கொள்கிறது, ஆனால் "புரோட்டோகால் வெர்ஷன்" சரியில்லை என்று சர்வர் கதவைச் சாத்துகிறது. புது லைப்ரரியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இது ஏன் பழையதைத் தேடிப் போகிறது என்று மங்கை அக்காவுக்குப் புரியவில்லை. மங்கை அக்காவுக்கே புரியவில்லை என்றால் எனக்கு எங்கே புரியும்? கேபிள் இழுக்கவும் கிளினிக்கில் பேசவும்தான் எனக்குத் தெரியும். கட்டுகிற வேலை எப்போதும் உன்னுடையது.

எரர் முழுவதையும் புள்ளி கமா விடாமல் பின்பக்கம் காப்பி அடித்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் இம்போசிஷன் எழுதியதற்குப் பிறகு கையால் இவ்வளவு இங்கிலீஷ் எழுதியது இப்போதுதான். மங்கை அக்கா சிரித்தார்.

பதில் போடு. எனக்காக வேண்டாம், ரஞ்சிதத்துக்காகப் போடு.

பூங்குழலி


பெங்களூரு,
2.9.2025

பூங்குழலி,

கடிதம் கிடைத்தது. "மங்கை அக்கா" என்று ஆறு இடத்தில் எழுதியிருக்கிறாய். என் பெயர் ஒரே இடத்தில், அதுவும் தலைப்பில். எண்ணியிருக்கக் கூடாதுதான். எண்ணிவிட்டேன்.

எரருக்கு வருகிறேன். ஹெட்டர் ஃபைல் என்பது ஹோட்டல் வாசலில் வைக்கிற பலகை. இன்றைக்கு என்னென்ன கிடைக்கும் என்று அதில் எழுதியிருக்கும். லைப்ரரிதான் அடுப்படி. உங்கள் ப்ரோகிராம் புது ஹோட்டல் பலகையைப் படித்துவிட்டுப் பழைய ஹோட்டல் அடுப்படியில் போய் நெய் ரோஸ்ட் கேட்கிறது. அங்கே இட்லி மட்டும்தான் இருக்கிறது. அதுதான் அந்த "காணவில்லை". பலகையும் அடுப்படியும் ஒரே ஹோட்டலுடையதாக இருக்க வேண்டும். பதினைந்து வருஷம் கம்பெனியில் இருந்தவருக்கு இதை நான் தபாலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்று விஷயம் பார்க்கச் சொல். நம் ப்ரோகிராம் ஃபோல்டரை அப்படியே இன்னொரு இடத்தில் பிரதி எடுத்து, முதலிலிருந்து கட்டட்டும். புது லைப்ரரி எங்கே இருக்கிறது என்று சிஸ்டத்துக்குப் பதிந்து வைத்தாரா என்று கேள். பெட்டியின் கடிகாரத்தையும் பார், தேதி தப்பாக இருந்தால் சர்வர் காட்டுகிற சர்டிபிகேட் எதையும் அது நம்பாது. இவ்வளவையும் சரியாகச் செய்தால் வந்துவிடும். வராவிட்டால் செய்தவர் கையில்தான் கோளாறு.

நீங்கள் இரண்டு பேரும் ராஜகிரிக் கோட்டையில் நிற்கிற போட்டோவை அம்மா அனுப்பினாள். என்னோடு ஏறச் சொன்னால் ஆறு வருஷமும் உனக்கு முட்டி வலி. அவரோடு போனால் வலிக்கவில்லை போலிருக்கிறது.

அவர் உன்னைப் பூவு என்று கூப்பிடுகிறாரா? என் நாற்காலியில் யார் உட்காருகிறார்கள்? பதில் சொல்ல வேண்டிய அவசியமில்லை, சும்மா கேட்டேன்.

ஷோபனா


செஞ்சி,
7.9.2025

ஷோபனா,

நீ சொன்ன மூன்றையும் செய்தாயிற்று. கடிகாரம் நீ சொன்னபடியே தப்பு. மழைக்குக் கரண்ட் போய் வந்ததில் 2011-க்குப் போய் உட்கார்ந்திருந்தது. உள்ளே இருக்கிற பட்டன் செல் செத்துப்போயிருந்தது, மாற்றினோம். சர்டிபிகேட் எரர் ஒன்று அதோடு ஒழிந்தது. ஆனால் பெரிய எரர் அப்படியே இருக்கிறது. ஃபோல்டரைப் பிரதி எடுத்துக் கட்டினாலும் அதே பழைய அடுப்படிக்குத்தான் போகிறது.

மங்கை அக்கா நாலைந்து நாளாக ஒன்றையே சொல்கிறார். "ஒரே ஒரு ஃபைல எடுக்கணும்மா பூங்குழலி. ஒரு நிமிஷம் பக்கத்துல வந்து உக்காரு, நீயே பாரு." நம் சுவரில் எழுதியிருக்கிறதே, நீ ஒரு வார ஈசிஜியை அழித்துத் தொலைத்த பிறகு நாம் எழுதினது, "ரெண்டு பேரும் உக்காராம எதையும் அழிக்கக் கூடாது" என்று. அதைக் காட்டி, "ரெண்டு பேர்னா நானும் ஷோபனாவும். அவ கிட்டயிருந்து பதில் வரட்டும்" என்று சொல்லிவிட்டேன். மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் அதையேதான் சொன்னேன். கடைசியில், "அந்தப் பொண்ணு எதையாவது ஒளிச்சு வெச்சிருக்குமா?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவ அப்படிப்பட்டவ இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். நல்ல மனுஷிதான், ஆனால் வேலை வரவில்லை என்றால் அடுத்தவர் மேல் தள்ளக் கூடாது இல்லையா?

உன் கேள்விகள். கோட்டைக்கு உலக அளவில் பெயர் கிடைத்த வாரம் ஊரே ராஜகிரி ஏறியது, நானும் போனேன். பாதியிலேயே முட்டி பிடித்துக்கொண்டது. நீ பார்த்தது பாதி வழிப் போட்டோ. மேலே போனது அவர் மட்டும்.

பூவு என்று உன்னைத் தவிர யாரும் கூப்பிட்டதில்லை. ஆனால் போன வாரம் மங்கை அக்கா திடீரென்று, "உன்ன யாராவது பூவுன்னு கூப்பிடுவாங்களா?" என்று கேட்டார். எங்கே கேள்விப்பட்டாரோ தெரியவில்லை.

உன் நாற்காலியில் யுபிஎஸ் பேட்டரியைத் தூக்கி வைத்திருக்கிறேன். மங்கை அக்கா பிளாஸ்டிக் ஸ்டூலில்தான் உட்காருகிறார், இரண்டு வருஷமாக. இடுப்பு வலிக்கிறது, அந்த நாற்காலியை எடுத்துக்கட்டுமா என்று ஒருநாள் கேட்டார். பேட்டரியை நகர்த்தினால் கெட்டுப்போகும் என்று பொய் சொன்னேன். போதுமா?

நானும் ஒன்று கேட்கிறேன். உன் அம்மா போனில் உன் போட்டோக்களைக் காட்டினார்கள். எல்லாவற்றிலும் பக்கத்தில் ஒரே பெண். நிலாவாம். இரண்டு பேரும் ஒரே நிறத்தில் குர்தா. நாம் ஒரே நிறத்தில் எடுத்தால் பேண்ட் வாத்தியக்காரர்கள் மாதிரி இருக்கும் என்று சொன்னது யார்?

பூங்குழலி


பெங்களூரு,
11.9.2025

பூவு,

பிளாஸ்டிக் ஸ்டூல் என்று படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்தப் பத்தியை நாலு தடவை படித்தேன். விழுப்புரத்தில் பழைய சாமான் கடையில் பேரம் பேசி வாங்கி, பஸ் மேலே ஏற்றிக் கொண்டுவந்த நாற்காலி அது. ஒரு கை உடைந்ததுகூட நம்மூர் திண்டிவனம் ரோட்டில் இறக்கும்போதுதான்.

நிலா என்னோடு அறையில் இருப்பவள், அவ்வளவுதான். ஆபீஸ் விட்டு வந்தால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். குர்தா ஆபீசில் எல்லோருக்கும் கொடுத்தது. இங்கே என் டீமில் பன்னிரண்டு பேர். என் ஸ்க்ரீனை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நான் தட்டத்தட்ட நீ பக்கத்திலிருந்து சத்தமாகப் படித்துச் சொல்லுவாயே, அப்படி யாரும் இல்லை.

லைப்ரரி விஷயம். அந்த ஃபைல் எது என்று அவர் சொன்னாரா? வேண்டாம், நீ கேட்காதே. எதையும் அழிக்க விடாதே. தெரியாதவர் கை வைத்தால் இருப்பதும் போகும். நீ அவரிடம் சொன்னதுதான் சரி, இரண்டு பேர் என்றால் நீயும் நானும்தான்.

இப்படிச் செய்யலாம். இருபதாம் தேதி சனிக்கிழமை நான் வருகிறேன். நான் உட்கார்ந்தால் ஒரு மணி நேர வேலை. முடித்துவிட்டுக் கீழே டீ குடிப்போம், முன்பு மாதிரி. ஒரே ஒரு நிபந்தனை. நான் வருகிற அன்று அவர் அங்கே இருக்கக் கூடாது. அன்றைக்கு மட்டும் இல்லை. நீ யோசித்துப் பார். வேலை வராதவரை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய்?

ஷோபனா


செஞ்சி,
17.9.2025

ஷோபனா,

நேற்று ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒத்திகை பார்த்தார்கள். ஒருநாள் மட்டும் பழைய பூட்டை மறுத்தார்கள். முன்கூட்டியே சொல்லித்தான் செய்தார்கள். அதற்குள் முடித்துவிடலாம் என்று நம்பியிருந்தேன், முடியவில்லை.

காலை பதினோரு மணிக்குப் பாண்டுரங்கன் என்று ஒருவரை அனந்தபுரம் கிளினிக்குக்குக் கொண்டுவந்தார்கள். ஐம்பத்தெட்டு வயது, கொல்லையில் மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர். ரஞ்சிதம் ஈசிஜி எடுத்து அனுப்பினார், போகவில்லை. திரும்பத் திரும்ப அனுப்பினார். கடைசியில் காகிதத்தைப் போனில் போட்டோ எடுத்து அனுப்பினார். கை நடுங்கியதில் கோடு எல்லாம் கலைந்து தெரிந்திருக்கிறது. ஆளைக் கொண்டுவாருங்கள் என்றார் டாக்டர். கார் போய்ச் சேர ஒன்றே முக்கால் மணி நேரம். பிழைத்துவிட்டார். "ஈசிஜி வந்திருந்தால் அங்கேயே ஊசி போடச் சொல்லியிருப்பேன்" என்றாராம் டாக்டர்.

நான் கிளினிக்குக்கு ஓடினேன். மங்கை அக்காவும் வந்தார். ரஞ்சிதமும் பாண்டுரங்கன் சம்சாரமும் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு முன்னாலேயே மங்கை அக்காவைப் பார்த்துக் கத்தினேன். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? ஷோபனா இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமா?" என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன்.  சாயங்காலம் அவர் கடைச் சாவியை மேசைமேல் வைத்தார். "நான் கேட்டப்ப நீ ஒரு நிமிஷம் உக்காந்திருக்கலாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அனந்தபுரம் பஸ் ஏறிவிட்டார்.

நீ கேட்டது நடந்துவிட்டது. அவர் இனி இங்கே இல்லை. இருபதாம் தேதிக்காகக் காத்திருக்கிறேன். வா.

பூங்குழலி


பெங்களூரு,
20.9.2025

பூவு,

இன்றைக்கு நான் அங்கே இருந்திருக்க வேண்டும். பஸ்ஸுக்குப் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனேன். உன் பதினேழாம் தேதிக் கடிதம் அந்த நேரம் பார்த்து வந்தது. படித்துவிட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டேன். இதைப் படித்த பிறகும் நீ வரச் சொன்னால் வருகிறேன்.

மங்கை கட்டியதில் எந்தத் தப்பும் இல்லை. முதல் முறையே சரியாகத்தான் கட்டியிருக்கிறார்.

2023 ஜூலையில், நான் கிளம்புவதற்கு முந்தின நாள், நமக்குள் சண்டை. "போறவ போ, மங்கை அக்கா வரேன்னு சொல்லிட்டாங்க" என்று நீ சொன்னாய். நான் போவதற்கு முன்பே ஆள் பார்த்துவிட்டாய் என்று எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. மறுநாள் உன் நைனாவுக்குக் காய்ச்சல் என்று நீ சிங்கவரம் போய்விட்டாய். வழியனுப்பக்கூட இருக்கவில்லை. நான் தனியாக என் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சின்ன ஃபைல் எழுதினேன். பெயர் புள்ளியில் ஆரம்பித்தால் அந்த ஃபைல் சாதாரணமாகப் பார்க்கும்போது கண்ணில் படாது. அதில் மூன்றே வரி. யார் எந்தப் புது லைப்ரரி கட்டி வைத்தாலும், நம் ப்ரோகிராம் என் பெயரில் இருக்கிற ஃபோல்டருக்குப் போய், நான் கட்டிய பழைய லைப்ரரியைத்தான் எடுக்க வேண்டும். கட்டும்போதும் அப்படி, ஓடும்போதும் அப்படி. ப்ரோகிராம் ஃபோல்டரைப் பிரதி எடுத்தால் அந்த ஃபைலும் கூடவே போகும். அது தெரிந்துதான் பிரதி எடுக்கச் சொன்னேன். அழிப்பதற்குத்தான் நமக்கு விதி இருந்தது, சேர்ப்பதற்கு இல்லை.

யாராவது தெரியாமல் புது வெர்ஷன் போட்டு ஈசிஜி நின்றுவிடக் கூடாது, அதற்காகத்தான் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். என்றைக்காவது ஒருநாள் அது நிற்கும், அன்றைக்கு நீ என்னைத் தேடுவாய் என்றுதான் வைத்தேன்.

உன் முதல் கடிதத்தைப் பாதி படிக்கும்போதே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். மங்கை அக்கா, மங்கை அக்கா என்று நீ எழுதியிருந்ததைப் பார்த்ததும், அவர் தோற்கட்டும் என்று தோன்றியது. அதனால் கடிகாரத்தைப் பற்றிச் சொன்னேன், ஹோட்டலைப் பற்றிச் சொன்னேன், இதை மட்டும் சொல்லவில்லை. அந்த நாட்களில் பாண்டுரங்கன் என்று ஒருவர் இருப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. ஈசிஜி என்றால் எனக்கு நீயும் நானும் கட்டியது, அவ்வளவுதான். அதன் அந்தப் பக்கத்தில் ஆள் இருப்பது மறந்துபோய்விட்டது. 

மங்கை எனக்கு எதுவும் செய்யவில்லை. நீ பேசும்போது பக்கத்தில் அவர் இருக்கிறார், நான் இல்லை. அவர் செய்த குற்றம் அது ஒன்றுதான்.

அந்த ஃபைலின் பெயர் புள்ளி வைத்துப் பூவு. அதை எடுத்துவிட்டு மங்கை கட்டியதையே திரும்பக் கட்டுங்கள், பத்து நிமிஷத்தில் வந்துவிடும். இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டு. ஒரு வரியையும் மறைக்காதே.

ஷோபனா


செஞ்சி,
3.10.2025

ஷோபனா,

ஈசிஜி போகிறது. செப்டம்பர் இருபத்தாறிலிருந்து போகிறது. மற்றதைச் சொல்வதற்கு முன் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன், தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு. பிறகு கடிதத்தை எடுத்துக்கொண்டு அனந்தபுரம் போனேன். மங்கை அக்கா மளிகைக் கடையில் புளி நிறுத்துக்கொண்டிருந்தார். கடிதத்தை நீட்டினேன். நின்றபடியே முழுதும் படித்து, மடித்து என் கையில் கொடுத்தார்.

"நீ மொத லெட்டர் போட்ட நாலாம் நாளே எனக்குத் தெரியும்மா" என்றார்.

 ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லத்தான் பக்கத்துல உக்காரச் சொன்னேன். வாயால சொன்னா நீ நம்பமாட்ட. ஒளிச்சு வெச்சிருக்குமான்னு ஒரு வார்த்த கேட்டதுக்கே சண்டைக்கு வந்த. ஸ்க்ரீன்ல நீயே பாத்தாத்தான் ஆவும்னு நெனச்சேன்." நீங்களே எடுத்திருக்கலாமே என்றேன். "நா வந்த மொத நாள் செவுத்துல இருக்கறதப் படிக்கச் சொன்னது யாரு? ரெண்டு பேர்னா யாருன்னும் நீதான் சொல்லிட்ட. அப்புறம் நா எப்படித் தொடறது?"

உன்மேல் கிளம்பிய கோபம் அந்த இடத்தில் என் பக்கம் திரும்பிவிட்டது. ஃபைலை ஒளித்தது நீ. அதைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டபோது மூன்று தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டது நான். உன் இடத்தை யாருக்கும் விடக் கூடாது என்று உனக்குச் சமமாக நானும்தான் காவல் காத்திருக்கிறேன். பாண்டுரங்கன் சம்சாரத்திடம் எதைச் சொல்வது? மங்கை அக்காவைக் கிளினிக்குக்கு அழைத்துப் போய், ரஞ்சிதத்துக்கு முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன். கத்தினது எங்கேயோ, அங்கேயே கேட்பதுதான் முறை என்று பட்டது. "சரி வா, மொதல்ல வேலைய முடிப்போம்" என்று அவரே பஸ் ஏறினார்.

நாற்காலியிலிருந்து பேட்டரியை இறக்கி அவரை உட்காரச் சொன்னேன். "வாணாம்மா, எனக்கு ஸ்டூல் பழகிப்போச்சு" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். அந்த ஃபைலைத் திறந்து காட்டினார், மூன்று வரி, மேலே என் பெயர். எடுத்தார். கட்டினார். ரஞ்சிதம் தன் ஈசிஜியையே எடுத்து அனுப்பினார், அந்த நேரத்துக்கு அங்கே வேறு யாரும் இல்லை. "நார்மல்தான், நேரத்துக்குச் சாப்பிடுங்கள்" என்று டாக்டரிடமிருந்து பதில் வந்தது. மூன்று பேரும் போனிலேயே சிரித்தோம், பிறகு நான் அழுதேன்.

முதல் தேதி ஆயுத பூஜை. பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து முடிக்கிற நேரத்தில் அனந்தபுரத்திலிருந்து ஒரு ஈசிஜி வந்து, அதன்பாட்டுக்குப் புதுச்சேரி போனது. செக்கப்புக்கு வந்த பாண்டுரங்கனுடையது.

மங்கை அக்கா திரும்பி வருவதற்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நானும் இந்தக் கடையில ஒரு ஆளுன்னா, செவுத்துல இருக்கற அந்த எழுத்த அழி. இல்லன்னா சொல்லிடு, எனக்கு மளிகைக் கடையிலயே வேல இருக்குது." நேற்று நானே சுண்ணாம்பு அடித்தேன். உன் கையெழுத்து மார்க்கரில் எழுதியது, இரண்டு கோட் அடித்தும் லேசாகத் தெரிந்தது. மூன்றாவது கோட்டில்தான் மறைந்தது.

உன் நாற்காலியைப் பெங்களூர் பார்சல் லாரியில் போட்டிருக்கிறேன். வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்களாம். கோபத்தில் அனுப்பவில்லை. அது இங்கே இருக்கிறவரைக்கும் யாரும் அதில் உட்கார மாட்டார்கள், நானும் உட்காரவிட மாட்டேன்.

பெட்டியில் உன் பெயரில் இருக்கிற ஃபோல்டர் இன்னும் அப்படியே இருக்கிறது, பழைய லைப்ரரியோடு. இப்போது அதை எதுவும் தேடுவதில்லை. ஆனால் பழைய பூட்டு, வைத்திருப்பது நல்லதில்லை என்கிறார் மங்கை அக்கா. "ஆனா அது அந்தப் பொண்ணு வெச்சது, அதுதான் சொல்லணும்" என்று கை வைக்கவில்லை. நான் இரண்டு தடவை அழிக்கப் போய்த் திரும்பி வந்துவிட்டேன்.

வருகிறாயா என்று இப்போது கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு மனசு ஆறவில்லை. ஆறினால் எழுதுகிறேன்.

பூங்குழலி


பெங்களூரு,
9.10.2025

பூவு,

நாற்காலி வந்து சேர்ந்தது. மிச்சமிருந்த இன்னொரு கையையும் லாரிக்காரன் உடைத்துவிட்டான். ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறேன். வந்த அன்றைக்கே நிலா அதில் உட்காரப் போனாள். வேண்டாம் என்று தொண்டைவரை வந்தது. உட்கார் என்று சொல்லிவிட்டுப் பால் வாங்குகிற சாக்கில் வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் அதிலேயேதான் உட்கார்ந்திருந்தாள், ஹெட்போன் இல்லாமல். இது எந்த ஊர் நாற்காலி என்று கேட்டாள். சொன்னேன்.

போனில் பிளாக்கை எடுத்துவிட்டேன். நீ உடனே பேச வேண்டும் என்று இல்லை. இந்தக் கடிதத்துக்குக்கூடப் பதில் வேண்டாம்.

நீங்கள் மூன்று பேரும் போனில் சிரித்தீர்கள் என்று படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது. மறைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்துவிட்டது, அதனால் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஃபோல்டரை மங்கை அக்காவையே அழிக்கச் சொல். நீ பக்கத்தில் உட்கார வேண்டாம்.

ஷோபனா